தடிப்பு இல்லாத அரிப்பு

அப்பாவுக்கு முதலில் வந்தது அரிப்புதான். சம்பா அறுவடை நேரம். களத்தில் நின்றுவிட்டு வந்தால் நெல் சுணை ஒட்டி ரெண்டு நாளைக்கு உடம்பு ஊறும் என்பது தஞ்சாவூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. தேங்காய் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தால் போய்விடும். இது போகவில்லை. நெல்லை மூட்டை பிடித்துக் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்பி, வைக்கோலையும் விற்று முடித்தாயிற்று. அரிப்பு மட்டும் நின்றபாடில்லை.

சுணை என்றால் கழுத்தில் ஊறும், முழங்கையில் ஊறும், வியர்க்கிற மடிப்புகளில் ஊறும். அப்பாவுக்கு அரித்தது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். அப்புறம் முதுகு, தொடை என்று பரவியது. பகலில் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் மறந்துவிடுவார். ராத்திரி விளக்கை அணைத்ததும் ஆரம்பித்துவிடும். திண்ணைத் தூணில் முதுகைத் தேய்ப்பார். தேங்காய் நாரை எடுத்து உள்ளங்காலில் வைத்துப் பரபரவென்று தேய்ப்பார். காலையில் பார்த்தால் படுக்கை விரிப்பில் அங்கங்கே ரத்தப் பொட்டு. ஆனால் தோலில் அவர் நகம் கீறிய கோடுகளைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, படை இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: தோலில் ஒன்றுமே தெரியாமல் உடம்பு அரித்தால், அதிலும் உள்ளங்கை, உள்ளங்காலில் ராத்திரி நேரத்தில் அரித்தால், தோல் மருந்தோடு நிற்காமல் கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எல்.எஃப்.டி. என்று சொன்னால் எந்த லேபிலும் தெரியும். செலவு சில நூறு ரூபாய்தான். சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு என்று இப்படிப்பட்ட அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. அதே ரத்தத்தில் அவற்றையும் பார்த்துவிடலாம்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன தோல் மருத்துவர் அப்படி எதுவும் எழுதவில்லை. வயல்வேலை, ஆட்கள் நடமாட்டம், ராத்திரி அரிப்பு என்றதும் சொறி சிரங்கு என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டில் எல்லோரும் கழுத்துக்குக் கீழே முழுக்கப் பூச வேண்டிய ஒரு களிம்பு, தூக்கம் வரவழைக்கும் அரிப்பு மாத்திரை. நாங்களும் குடும்பத்தோடு பூசிக்கொண்டோம். போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் அம்மா அண்டாவில் போட்டு வேகவைத்தார். அப்பாவைத் தவிர வீட்டில் யாருக்குமே அரிக்கவில்லை என்பதை அந்த மருத்துவரிடம் சொன்னோம். "இனிமே வரும்" என்றார்.

விஷயத்தைப் பிடித்தது அம்மாதான். அப்பாவின் வேட்டியைத் துவைக்கும்போது முன்பக்கம் மஞ்சள் கறை. சோப்புப் போட்டும் போகவில்லை. அம்மா நேராக அப்பாவிடம் கேட்டார்.

"ஒண்ணுக்கு என்ன நெறத்துல போவுது?"

"வெயில்ல நின்னா அப்புடித்தான் போவும்."

"எப்புடின்னு கேக்குறேன்."

"கொஞ்சம் கறுப்பாதான் போவுது."

ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டச் சொன்னோம். டிக்காஷன் நிறம். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் வெளுக்கவில்லை. அதற்கப்புறம் அடுத்த கேள்வியையும் அம்மாவே கேட்டார்; ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இதிலெல்லாம் கூச்சம் இல்லை. வெளிக்கு வெளிறிப்போய், சாம்பல் பூத்தமாதிரி, தண்ணீர் ஊற்றினாலும் கோப்பையில் ஒட்டிக்கொண்டு போகிறது என்று அப்பா ஒத்துக்கொண்டார். கண்ணின் வெள்ளைப் பகுதியை வெளிச்சத்தில் பார்த்தோம். கீழிமையை இழுத்துப் பார்த்தபோது லேசாக மஞ்சள். டியூப்லைட் வெளிச்சத்தில் இது தெரியாது. பகல் வெளிச்சத்தில், வாசலில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

கல்லீரல் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவுக்குப் பித்தநீரைச் சுரக்கிறது. அது பித்தநாளம் வழியாக இறங்கிச் சிறுகுடலில் சேர வேண்டும். சாப்பாட்டிலுள்ள கொழுப்பைச் செரிக்க அதிலுள்ள பித்த உப்புகள் வேண்டும். பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியும் இதே வழியாகத்தான் வெளியேறுகிறது. குடலில் அது மாற்றமடைந்துதான் மலத்துக்குப் பழுப்பு நிறம் வருகிறது. வழி அடைபட்டால் நிறமி குடலுக்குப் போகாது, மலம் வெளுக்கும். ரத்தத்துக்குத் திரும்பி ஏறும் நிறமி, தண்ணீரில் கரையும் வகை என்பதால் சிறுநீரில் இறங்கும், சிறுநீர் கறுக்கும். பித்த உப்புகளும் அவற்றோடு சேர்ந்த வேறு சில பொருள்களும் உடம்பில் தேங்கி நரம்பு முனைகளைத் தூண்டுவதால் அரிப்பு. கண் மஞ்சளாவது பலருக்கு இவற்றுக்கெல்லாம் பிறகுதான் கண்ணில் படும். ரத்தத்தில் பிலிருபின் டெசிலிட்டருக்கு 2.5, 3 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சாதாரணக் கண்ணுக்கு மஞ்சள் தெரியும்.

காமாலை என்ற பேச்சு வெளியே போனதும் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. முதலில் வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கையில் ஒரு கட்டுக் கீழாநெல்லி. "அரைச்சு மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடிங்க அத்தான். உப்பில்லாப் பத்தியம். வர்ற அமாவாசைக்குள்ள எறங்கிரும்" என்றார். அவருக்கே காலேஜ் படிக்கும்போது காமாலை வந்து இதில்தான் குணமானதாம்.

கீழாநெல்லியை நான் மட்டம் தட்ட மாட்டேன். 1988இல் சென்னை ஆய்வாளர்கள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த பிளம்பெர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லி அந்த வைரஸைக் குறைப்பதாக லான்செட் மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை என்பது தனிக்கதை. இங்கே கேள்வியே வேறு. மாமாவுக்கு வந்தது பெரும்பாலும் அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ வகை. அது அநேகமாகச் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். பித்தநாளத்தில் அடைப்பு என்றால் எந்த இலையை அரைத்துக் குடித்தாலும் அடைப்பு அங்கேயேதான் இருக்கும். ஒரு மாதம் பத்தியம் இருந்தால் நோயாளி இளைப்பார், அடைப்புக்குப் பின்னால் தேங்கிய பித்தத்தில் கிருமி சேரும், அவ்வளவுதான். மாமாவிடம் இப்படி நேரடியாகச் சொன்னால் கோபித்துக்கொள்வார். "டெஸ்ட் எடுத்துட்டு என்ன வகைன்னு தெரிஞ்சப்புறம் குடுக்கலாம் மாமா" என்றேன். ஒத்துக்கொண்டார். இந்த வாக்கியம் பல வீடுகளில் பயன்படும் என்று நினைக்கிறேன்.

எல்.எஃப்.டி. ரிசல்ட் வந்தது. மொத்த பிலிருபின் 11.4, அதில் நேரடி பிலிருபின், அதாவது தண்ணீரில் கரையும் வகை, 8.9. கல்லீரல் செல்களிலிருந்து வரும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி 96. பித்தம் தேங்கினால் ஏறும் நொதிகள் ரெண்டு: ஆல்கலைன் பாஸ்படேஸ் 612, ஜி.ஜி.டி. 540.

லேபிலிருந்து வரும் தாளில் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அம்புக்குறி போட்டிருக்கும். பார்த்ததும் பயம் வரும். அதில் நாம் பார்க்க வேண்டியது எது எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்பதைத்தான். வைரஸால் கல்லீரல் வீங்கும்போது எஸ்.ஜி.பி.டி. பல நூறு, ஆயிரம் என்று எகிறும். ஆல்கலைன் பாஸ்படேஸ் அவ்வளவாக ஏறாது. பித்தம் இறங்காமல் தேங்கும்போது இதற்கு நேர் எதிர். ஆல்கலைன் பாஸ்படேஸ் எலும்பிலிருந்தும் வரும் என்பதால் ஜி.ஜி.டி.யும் கூடவே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரெண்டும் ஏறினால் கல்லீரல் பக்கம்தான். மொத்த பிலிருபினில் பெரும்பங்கு நேரடி வகையாக இருப்பதும் அதே கதையைத்தான் சொல்கிறது. கல் திடீரென்று வந்து அடைத்த முதல் ரெண்டு நாளில் எஸ்.ஜி.பி.டி.யும் உயரமாக ஏறி இறங்குவது உண்டு என்பதால் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பெழுதிவிட முடியாது. ஆனால் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். நான் கேட்ட கேள்வி: "இது கல்லீரலுக்குள்ளேயே தேங்குதா, வெளியில நாளத்துல அடைச்சிருக்கா?"

குடல், கல்லீரல் சிறப்பு மருத்துவர் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் விடை தேடினார். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்ததில் பித்தநாளம் 13 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. பொதுவாக 6, 7க்குள் இருக்க வேண்டும். ஆக, அடைப்பு வெளியில்தான். பித்தப்பையில் சின்னச் சின்னக் கற்கள் இருந்தன. அவை இருப்பது சில வருஷங்களுக்கு முன்பு எடுத்த ஒரு முழு உடல் பரிசோதனையிலேயே தெரியும். தொந்தரவு தராத பித்தப்பைக் கல்லை அப்படியே விட்டுவிடலாம் என்பதுதான் அப்போதும் இப்போதும் மருத்துவ முறை. அதில் தப்பு சொல்ல எதுவுமில்லை. நாளத்தின் கீழ்முனையில் என்ன இருக்கிறது என்பதுதான் ஸ்கேனில் தெரியவில்லை. அந்த இடத்தைக் குடலிலுள்ள வாயு மறைத்துவிடும்.

அப்பாவுக்கு வயிற்றுவலியே இல்லை. அது நல்ல செய்தி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மருத்துவர் அப்படி நினைக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "எடை குறைஞ்சிருக்கா ஐயா? பசி எப்படி? புதுசா சர்க்கரை வந்திருக்கா?" என்று அடுத்தடுத்துக் கேட்டார். வலியில்லாமல், வயதானவருக்கு, படிப்படியாக ஏறும் அடைப்புக் காமாலை என்றால் கணையத்தின் தலைப்பகுதியிலோ பித்தநாளத்திலோ கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "எம்.ஆர்.சி.பி. எடுத்துட்டுப் பேசலாம்" என்றார். எனக்குப் புரிந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

எம்.ஆர்.சி.பி. என்பது எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலேயே பித்தநாளங்களை மட்டும் படம் பிடிப்பது. கதிர்வீச்சு கிடையாது, வழக்கமாக ஊசி மருந்தும் தேவையில்லை. சில மணி நேரம் வெறும் வயிறு, உள்ளே கிடந்து அவர்கள் சொல்லும்போதெல்லாம் மூச்சைப் பிடிக்க வேண்டும், இரைச்சல் காதைப் பிளக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர், உடம்பில் உலோகத் துண்டு ஏதாவது இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு வந்த விடை: நாளத்தின் அடிமுனையில் 9 மில்லிமீட்டர் கல். கட்டி எதுவும் இல்லை. பித்தப்பையிலிருந்து நழுவி இறங்கி அங்கே மாட்டியிருக்கிறது. வயதானவர்களில் சிலருக்கு நாளத்தில் கல் மாட்டியும் வலி தெரியாமல் இருப்பது உண்டாம்.

கல் என்று தெரிந்த சந்தோஷத்தில், எண்டோஸ்கோப் விட்டுக் கல்லை எடுக்கும் இ.ஆர்.சி.பி.க்கு நாள் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அன்று ராத்திரி அப்பாவுக்குக் குளிர் எடுத்தது. சாதாரணக் குளிர் இல்லை. ரெண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். அப்புறம் காய்ச்சல் 103. அம்மா கசாயம் போடப் போனார். நான் காருக்கு போன் செய்தேன். காமாலை இருக்கும் ஒருவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அடைபட்ட பித்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும் என்று அன்று காலையில்தான் மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். இதோடு வலது விலாவுக்குக் கீழே வலியும் சேர்ந்தால் அந்த மூன்றையும் 1877இலேயே ஷார்க்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் சேர்த்து எழுதிவைத்திருக்கிறார். ரத்த அழுத்தம் இறங்கி, பேச்சு குழறினால் இன்னும் மோசம். இதற்கு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டுப் படுக்கவைப்பதும் ஆபத்து. காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு உடனே ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அப்போது இன்னொன்றும் தெரியவந்தது. ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். 1 சொச்சம் இருக்க வேண்டியது 2.1 இருந்தது. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று அப்பா சில நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பித்தம் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு செரிக்காது. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடம்பில் சேராது. வைட்டமின் கே இல்லாமல் ரத்தம் உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரலால் முழுமையாக்க முடியாது. அதனால் வைட்டமின் கே ஊசி போட்டார்கள். ஊசிக்கு ஐ.என்.ஆர். இறங்கினால் கல்லீரல் நன்றாகத்தான் வேலை செய்கிறது, பித்தம்தான் வரவில்லை என்று அர்த்தம். இறங்காவிட்டால் கல்லீரலே கெட்டிருக்கலாம். அப்பாவுக்கு மூன்றாம் நாள் 1.2 ஆனது. ஆனால் அடைப்பைத் திறக்க மூன்று நாள் காத்திருக்கும் நிலைமை அன்றைக்கு இல்லை.

இ.ஆர்.சி.பி. என்றால் வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலின் தொடக்கத்தில் பித்தநாளம் திறக்கும் அந்தச் சின்ன முனையைப் பிடித்து, அதற்குள் கம்பியும் சாயமும் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே வேலை செய்வது. 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அந்த முனையைக் கீறிக் கல் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு இந்தக் கல்லுக்கு வயிற்றைத் திறப்பதுதான் வழி. அப்பாவுக்கு ரத்தம் உறையாத நிலையில் கீறினால் ரத்தப்போக்கு வரும். அதனால் கீறாமல், கல்லைத் தாண்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்டை மட்டும் செருகிப் பித்தத்துக்கு வழி விட்டார்கள். விரல் நீளக் குழாய்தான். சீழ் கலந்த பித்தம் கொட்டியது என்று மருத்துவர் வெளியே வந்து சொன்னார். சாயங்காலமே காய்ச்சல் விட்டது.

இ.ஆர்.சி.பி.க்குக் கையெழுத்துப் போடும்போது கணைய அழற்சி வரலாம் என்று ஒரு வரி இருக்கும். அது சம்பிரதாயத்துக்கு எழுதிய வரி இல்லை. நூறில் சிலருக்கு உண்மையிலேயே வருகிறது. அதைக் குறைக்க ஆசனவாயில் ஒரு வலிநிவாரணி மாத்திரை வைப்பார்கள். முடிந்தபின் அன்றைக்கு வயிற்றின் மேல்பக்கத்தில் முதுகுவரை பாயும் வலி வந்தால் "கேஸ்" என்று விட்டுவிடாமல் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். இதய நோய்க்கு ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எதை எத்தனை நாள் நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது.

அதற்குப் பின் நடந்தவற்றில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒவ்வொன்றும் சரியான வரிசையில் நடந்ததுதான். முதலில் போனது அரிப்பு. ரெண்டு, மூன்று ராத்திரிகளில் அப்பா குறட்டை விட்டுத் தூங்கினார். அடுத்தது மலம். அம்மா வார்டு கழிவறையிலிருந்து வந்து, பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "நெறம் வந்துருச்சுடி" என்றார். சிறுநீரும் தெளிந்தது. கண் மட்டும் வாரக்கணக்கில் மஞ்சளாகவே இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "இன்னும் எறங்கலையே" என்று பயமுறுத்திவிட்டுப் போனார்கள். காரணம் இதுதான்: நாள்பட்ட அடைப்பில் பிலிருபினின் ஒரு பகுதி ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. ஆல்புமினின் ஆயுள் வாரக்கணக்கு. அது கழிந்தால்தான் இந்த மஞ்சளும் கழியும். சிறுநீர் தெளிந்து, மலம் நிறம் பிடித்து, அரிப்பும் போயிருந்தால் கண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் அம்மாவுக்கும் டயட்டீஷியனுக்கும் நடந்தது பெரிய பஞ்சாயத்து. எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, உப்பு கூடாது, கஞ்சிதான் என்று அம்மா நின்றார். அடைப்பு இருக்கும்வரை பொரித்ததும் நெய்யும் செரிக்காது என்பதால் குறைக்கலாம், ஆனால் உப்பை நிறுத்த இவருக்குக் காரணமே இல்லை, பருப்பு, மோர், முட்டை, குழம்பு மீன் எல்லாம் கொடுங்கள், அறுவை சிகிச்சைக்குத் தெம்பு வேண்டும் என்றார் அந்தப் பெண். கடைசியில் அப்பாதான் தீர்த்துவைத்தார். "மீன் கொழம்புன்னு சொன்னாங்கல்ல, அதைக் கொண்டாங்க."

டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் வைத்தது எழுதியிருந்தது. எப்போது எடுக்க வேண்டும் என்பது எழுதவில்லை. கேட்டு எழுதி வாங்கினேன். பிளாஸ்டிக் ஸ்டென்ட் பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டியது. விட்டால் அதற்குள்ளேயே கசடு சேர்ந்து அடைத்து மறுபடியும் காய்ச்சலும் காமாலையும் வரும். உடம்பு நன்றாகிவிட்டது என்பதாலேயே இது மறந்துபோகும். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் ஸ்டென்ட் வைத்து ரெண்டு வருஷம் கழித்து நடுக்கத்தோடு வந்து சேர்ந்தவர். "நல்லாதானே இருந்தேன், யாரும் வரச் சொல்லலையே" என்றார். தேதியைக் காலண்டரில் எழுதுங்கள், நோயாளியின் போனில் மட்டும் இல்லாமல் மகன், மகள் போனிலும் நினைவூட்டல் போடுங்கள்.

அப்பாவுக்கு ரெண்டாவது இ.ஆர்.சி.பி.யில் கீறிக் கல்லை எடுத்து, ஸ்டென்டையும் எடுத்தார்கள். சில நாளில் லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையையும் எடுத்தாயிற்று. கல் போய்விட்டதே, பித்தப்பையை ஏன் எடுக்க வேண்டும் என்று மாமா கேட்டார், நியாயமான கேள்விதான். கல் பெரும்பாலும் உருவாவது பையில். பை இருந்தால் அடுத்த கல் இறங்கலாம். பித்தப்பை இல்லாமலும் பித்தம் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். காப்பீட்டில் ரெண்டு இ.ஆர்.சி.பி., பித்தப்பை அறுவை சிகிச்சை என்ற மூன்றுக்கும் தனித்தனியாக ஒப்புதல் கேட்பார்கள். முதல்முறை சேரும்போதே காப்பீட்டுக் கவுன்டரில் மொத்தத் திட்டத்தையும் சொல்லி விசாரித்துவிடுவது நல்லது. சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இரண்டிலும் இதற்கென்றே தனித்துறைகள் இருக்கின்றன என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வார்டில் இருந்தபோது புரிந்தது, பித்தம் தேங்குவதற்குக் கல் ஒரு காரணம்தான். எதிர்ப்படுக்கையில் ஐம்பது வயது டீச்சர் ஒருவர். அவருக்கு நாளத்தில் அடைப்பே இல்லை. கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக்குழாய்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துக்கொண்டிருந்தது. ஏ.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு பல வருஷம் அரிப்புக்கு லோஷன் பூசிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு அர்சோடியாக்சிகாலிக் அமில மாத்திரை, வாழ்நாள் முழுக்க. அரிப்புக்குக் கொலஸ்டிரமின் பொடி. அந்தப் பொடி குடலுக்கு வரும் பித்த உப்பைப் பிடித்துக்கொண்டு வெளியேற்றுவது. மற்ற மாத்திரைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றை ஒரு மணி நேரம் முன்போ நாலைந்து மணி நேரம் பின்போதான் சாப்பிட வேண்டும். அப்பாவுக்கு அதை ஏன் தரவில்லை என்று கேட்டேன். நாளம் முழுக்க அடைபட்டிருந்தால் குடலுக்குப் பித்தமே வராது, பொடி எதைப் பிடிக்கும் என்றார் மருத்துவர். இன்னொரு பையனுக்கு ஜிம்மில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு ஊசியால் வந்த காமாலை. சில ஆன்டிபயாடிக்குகளும் இப்படிச் செய்யும். அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, சாப்பிட்டு முடித்துச் சில வாரம் கழித்துக்கூட. அதனால்தான் கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட மாத்திரை, கசாயம், பொடி எல்லாவற்றையும் கேட்கிறார்கள். வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைகள் விஷயம் இதைவிட அவசரம். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம், வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டில் சொல்வார்கள். ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தாலோ, மலம் வெளுத்துப் போனாலோ நேரடி பிலிருபின் பார்த்தே ஆக வேண்டும். பித்தநாளம் சரியாக அமையாமல் அடைபட்டிருக்கும் குழந்தைகளுக்கு ஜப்பானிய மருத்துவர் கசாய் 1959இல் வெளியிட்ட அறுவை சிகிச்சை இருக்கிறது. பிறந்து அறுபது நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். தைவானில் 2004 முதல் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையைத் தாய்மார்களுக்கு நாடு முழுக்கக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் தடுப்பூசி அட்டையோடு அப்படி ஒன்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இந்தியாவில் 1998இல் முதன்முதலாகக் குழந்தைக்கு வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றியதும் இதே நோய்க்குத்தான். காஞ்சிபுரத்துக் குழந்தை, அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை டெல்லியில் வைத்துப் பொருத்தினார்கள்.

இப்போது சொந்தத்தில் யாருக்குக் கண் மஞ்சளானாலும் எனக்குத்தான் போன் வருகிறது. அப்படி வந்ததில் ஒன்றைச் சொல்கிறேன். சித்தப்பா மகள், எட்டாம் மாதம். "அக்கா, உள்ளங்கை உள்ளங்கால் ராத்திரியெல்லாம் அரிக்குது. வயிறு விரியிறதால அப்படித்தான் இருக்கும்னு அத்தை சொல்றாங்க." தடிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் சிலருக்குப் பித்தம் தேங்கும். தாய்க்கு அரிப்போடு போய்விடும், குழந்தைக்குத்தான் ஆபத்து. எல்.எஃப்.டி.யோடு பித்த அமிலப் பரிசோதனையும் கேட்கச் சொன்னேன். அது எல்லா லேபிலும் செய்வதில்லை, பெரிய லேபுக்கு அனுப்புவார்கள், விடை வரத் தாமதமாகும் என்பதால் அன்றைக்கே கொடுக்கச் சொன்னேன். பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் வயிற்றிலேயே குழந்தை இறக்கும் அபாயம் தெளிவாகக் கூடுகிறது. அவளுக்கு 46 இருந்தது. அடிக்கடி அளந்து பார்த்துக்கொண்டே வந்து முப்பத்தேழாம் வாரத்தில் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. அரிப்பு ஒரு வாரத்தில் போய்விட்டது. ஆறு வாரம் கழித்து எல்.எஃப்.டி. எடுத்துச் சரியாகிவிட்டதா பார்க்க வேண்டும், அடுத்த கர்ப்பத்திலும் இது திரும்ப வர நிறைய வாய்ப்பு உண்டு, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பதற்கு முன்பு இதைச் சொல்ல வேண்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டை லேமினேட் செய்து பிரசவ ஃபைலில் வைக்கச் சொன்னேன். "அக்கா, அடுத்ததைப் பத்தி இப்பவே பேசாதீங்க" என்று சிரித்தாள். ஆனால் லேமினேட் செய்துவிட்டாள்.